நூற்று நாற்பத்து மூன்று டிக்கெட்

மேல்வாசலில் எனக்கு ஒரே வேலைதான். உள்ளே போகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, மலை முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் கீழ்வாசல் இருக்கிறது. அங்கே மனூசோஸ் அதே டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வான். சாயங்காலம் இரண்டு பேரும் ஃபோனில் எண்ணைச் சொல்லிக்கொள்வோம். நான் கொடுத்ததும் அவன் வாங்கியதும் ஒன்றாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒன்று குறைந்தாலும் அவன் கீழிருந்தும் நான் மேலிருந்தும் தேடிக்கொண்டே வந்து நடுவில் இருக்கிற சின்னக் கோயிலருகே சந்திக்க வேண்டும். அதுதான் விதி.

வெளியூர்க்காரர்கள் அந்த மலைப் பள்ளத்தாக்குக்கு நீளமாக ஒரு பெயர் சொல்வார்கள். கிரீட் தீவில் வெள்ளை மலையடியில் பிறந்த எங்களுக்கு அது வெறும் இடுக்குதான். 'இடுக்கு வழியா வந்தேன்' என்றால் போதும், எல்லோருக்கும் புரியும்.

பதினொரு வருஷத்தில் ஏழு தடவை எண் குறைந்திருக்கிறது. ஒரு தடவை ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அத்திமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கணுக்கால் பிசகிய கிழவர், கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். ஒரு பிரெஞ்சுக்காரர் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துபோய், மனூசோஸின் கண்ணில் படாமல் படகேறிப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்காக நாங்கள் ஆறு மணி நேரம் தேடினோம். ஏழு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த எண்ணை நான் அவ்வளவு நம்பினேன்.

எங்கள் ஆட்களுக்கு டிக்கெட் கிடையாது. இது எங்கும் எழுதி வைத்ததல்ல. எனக்கு முன்னால் இந்த டிக்கெட் கூண்டில் ஏதென்ஸ்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் என் அண்ணன் சீஃபிஸிடம் டிக்கெட் கேட்டுவிட்டான். எங்கள் தாத்தா ஆடு மேய்த்த இடத்துக்குள் போக டிக்கெட்டா என்று அண்ணன் அப்படியே திரும்பிவிட்டார். பஸ் பிடித்து, ஹன்யா நகரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் படகு என்று ஒரு பகல் முழுக்கச் சுற்றி, கீழே கடலோரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் இடுக்குப் பக்கமே வரவில்லை.

எனக்கு இந்த வேலை கிடைத்த முதல் நாள் காலையில் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்னடா தம்பி, டிக்கெட் வேணுமா?"

"உள்ள போண்ணே, வெயில் ஏறுது."

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப்பின் சித்தப்பா பிள்ளைகள், மனைவி வீட்டார், மனூசோஸின் அண்ணன்மார் என்று எல்லோரும் கையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்கள். நானும் கையை ஆட்டுவேன். எங்கள் ஆட்களுக்குப் பாதை தெரியும், எங்களை யார் எண்ண வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை.

போன வருஷம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அத்தோடு பருவம் முடிகிறது. குளிர்காலத்தில் ஆறு பெருகும், பாறை சரியும், யாரையும் விடமாட்டோம். பூட்டினால் மே மாதம்தான் திறப்போம்.

அண்ணன் பன்னிரண்டு மணிக்கு வந்தார். வயது அறுபத்து மூன்று. அண்ணி இறந்து நாலு வருஷம் ஆகிறது, வீட்டில் தனியாள். தோளில் பை, பைக்குள் ஒரு முழுப் பாலாடைக்கட்டி. கடலோர ஊரில் இருக்கிற மகள் அர்கிரோவுக்கும் பேத்தி ரோதாந்திக்கும். பருவத்தின் கடைசி நாளில் இடுக்கு வழியாக நடந்துபோய் அவர்களோடு ரெண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

"என்னடா வார்டி, நாளைலேருந்து சம்பளத்த வாங்கிட்டுத் தூங்குவியா?"

"எங்கண்ணே தூங்கறது? ஆலிவ் பறிக்க வான்னு உயிர எடுப்பா என் பொண்டாட்டி."

"போய்ப் பறி. அந்தத் தொப்பையாவது குறையும். ஊத்து, ஊத்து."

திராட்சைச் சாராயம் ஊற்றினேன். காப்பி போட்டேன். ஒருவருக்கு ரெண்டு கிளாஸ்தான், அதற்கு மேல் இல்லை. இதை அப்புறம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பன்னிரண்டே முக்காலுக்கு டச்சுக்காரத் தம்பதி ஒன்று வந்தது. அவர்கள்தான் கடைசி, ஒரு மணிக்கு மேல் யாரையும் விடக்கூடாது. அவர்கள் போனபிறகும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மழை மேகம் தெற்கே கடலுக்கு மேல் நின்றது.

"நீ வர்றது அர்கிரோவுக்குத் தெரியுமா?"

"சொன்னா விடுவாளா? மழை வருது, வயசாச்சு, வராதன்னு ஃபோன்லயே கத்துவா. போய் நின்னாத்தான் சரி."

ஒன்றரைக்கு எழுந்தார். பையை மாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"டேய், ஒண்ணு மறந்துட்டேன். ரோதாந்தி டிக்கெட் கேட்டா."

"என்ன டிக்கெட்?"

"உன் டிக்கெட்தான். காட்டாட்டுப் படம் போட்டிருக்காமே. அவ சிநேகிதி வீட்ல ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்காம். இவளுக்கும் வேணுமாம். ஒண்ணு கிழி, காசு தரேன்."

அவர் நிஜமாகவே சட்டைப்பையில் கையை விட்டார்.

"அண்ணே, அசிங்கப்படுத்தாத. உன்கிட்ட நான் காசு வாங்கறதா?"

மேஜை இழுப்பறையில் முந்தின வருஷத்து டிக்கெட் கொஞ்சம் கிடந்தது. அது நீல நிறம், அந்த வருஷத்தது பச்சை. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "இந்தா, இத ஒட்டச் சொல்லு. ஆடு அதே ஆடுதான்."

அதை மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். கட்டை வேலியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். முதல் வளைவில் தொப்பி தெரிந்தது. அப்புறம் சைப்ரஸ் மரங்கள் மறைத்துவிட்டன.

சாயங்காலம் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனூசோஸ் ஃபோன் செய்தான். என் மகனுக்கு ஞானத்தகப்பன் அவன், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'சிந்தெக்னே' என்றுதான் கூப்பிடுவோம்.

"சிந்தெக்னே, நூத்து நாப்பத்து மூணு."

"எனக்கும் நூத்து நாப்பத்து மூணு."

"அவ்வளவுதாண்டா! முடிஞ்சது! நான் படகுக்குப் போறேன். இங்க கடல் ஏறுது, இன்னிக்கு விட்டா ஒரு வாரம் இங்கயே ஆட்டோட படுக்கணும்."

"ஆடு பாவம்டா."

சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்தான். நான் குறிப்பேட்டில் எழுதினேன். கொடுத்தது 143, வந்தது 143. கையெழுத்துப் போட்டேன். வாசலைச் சாத்திச் சங்கிலி சுற்றிப் பூட்டினேன்.

அண்ணன் போனது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். இருந்தது, ஆனால் வேறு விதமாக இருந்தது. அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று இருந்தது. அண்ணன் உள்ளே இருக்கிறார் என்று இல்லை. 'அண்ணன் வந்தாரா?' என்று மனூசோஸிடம் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தால் நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

அன்று இரவே மழை பிடித்தது. ஞாயிறு முழுக்க விடவில்லை. நான் அடுப்பருகில் உட்கார்ந்து மனைவியோடு ஆலிவ் வலைகளைத் தைத்தேன். நடுவில் ஒருமுறை, "சீஃபிஸ் அங்க பேத்தியக் கொஞ்சிட்டு இருப்பாரு, இங்க பாரு நம்ம பொழப்ப" என்று அவள் சொன்னாள். ஆமாம் என்றேன்.

திங்கள் மதியம் அர்கிரோ ஃபோன் செய்தாள்.

"சித்தப்பா, எங்கப்பா எங்க? ரெண்டு நாளா வீட்டு ஃபோன எடுக்கவே இல்ல. ஆலிவ் வலைய எப்ப விரிக்கிறாருன்னு கேக்கணும், அந்தப்பக்கம் வந்து நான் உதவி பண்ணலாம்னு…"

"அப்பா உன் வீட்லதானே இருக்காரு?"

அங்கே ரோதாந்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"சித்தப்பா," என்றாள், "அவரு எப்பக் கிளம்பினாரு?"

நான் ஃபோனை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். சாவியை எடுக்காமல் ஓடி, பாதியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தீயணைப்புக்காரர்கள் ஹன்யாவிலிருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து இறங்கினேன். மழை விட்டிருந்தது, ஆனால் ஆறு பழுப்பாகப் பெருகிப் பாதையிலேயே ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் கத்தினேன். பாறைகள் என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தன. மேலே கழுகுகள் சுற்றுகின்றனவா என்று பார்த்தேன். பார்த்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழாவது கிலோமீட்டரில் மரப்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பலகை புதிதாக உடைந்திருந்தது. கீழே கல்லிடுக்கில் அவருடைய கைத்தடி. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தது.

பாலத்திலிருந்து, நாங்கள் சந்திக்கிற புனித பரஸ்கேவி கோயில் முன்னூறு அடி இருக்கும். கூரையில் ஒரே சிலுவை, உள்ளே பத்துப் பேர் நிற்கலாம். சுவரில் பழைய புனிதர்கள் வரிசையாக நிற்பார்கள், துருக்கியர்கள் காலத்தில் கண்களைச் சுரண்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அதைத்தான் அதிகம் படம் பிடிப்பார்கள்.

கதவு சாத்தியிருந்தது. அண்ணன் உள்ளே இருந்தார்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. பாலத்திலிருந்து அந்த முன்னூறு அடியைத் தவழ்ந்தே வந்திருக்கிறார், முழங்கைகளில் தோல் இல்லை. மெழுகுவத்தி குத்துகிற மணல் தட்டைத் தரையில் இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். பருவத்துக்கு வாங்கி வைத்ததில் மிச்சம் ஒரு கட்டு மெழுகுவத்தி இருந்தது எனக்குத் தெரியும், ஐம்பது அறுபது இருக்கும். அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றியிருக்கிறார். மணல் முழுக்கக் கருகின திரிகள். அகல் விளக்கிலும் எண்ணெய் இல்லை. பாலாடைக்கட்டி பைக்குள் முழுசாக இருந்தது. ஒரு துண்டுகூட வெட்டவில்லை. கத்தி இடுப்பிலேயே இருந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். "தின்னுத் தொலச்சிருக்கலாமேண்ணே" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் தோள் குளிர்ந்து விறைத்திருந்தது.

சட்டைப்பைப் பொத்தான் போட்டபடியே இருந்தது. நீல டிக்கெட் நனையவில்லை.

திங்கள் விடியற்காலைதான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது. சனி இரவு இருந்திருக்கிறார். ஞாயிறு முழுக்க, நான் வலை தைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இருந்திருக்கிறார். எண் ஒன்று குறைந்தால் தேடிக்கொண்டு வருவார்கள் என்று அவருக்கும் தெரியும். எத்தனையோ தடவை என் கூண்டில் உட்கார்ந்து அந்தப் பிரெஞ்சுக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். கதவுப்பக்கம் பார்த்தபடிதான் இருந்தார். தன்னை எண்ணவில்லை என்பது எப்போது அவருக்கு உறைத்ததோ எனக்குத் தெரியாது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், பாட்டன் வழியில் ஏதோ உறவுகூட.

"அன்னிக்கு எத்தனை பேர் உள்ள போனாங்க?"

"நூத்து நாப்பத்து மூணு."

"உங்க அண்ணன்?"

"அதுல இல்ல."

"ஏன்?"

"என் அண்ணன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் எழுதி, என் பக்கம் திருப்பினார். 'வாசல் அடைக்கும் நேரத்துக்குப்பின், அனுமதியின்றி, காவலருக்குத் தெரியாமல் நுழைந்தவர்' என்று இருந்தது.

"இது நெஜமில்ல சார். நான்தான் விட்டேன். எனக்கு எதிர்லதான் போனாரு."

"வார்டிஸ், உனக்கு பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. போனவரு திரும்பி வரப்போறதில்ல. அவருக்கு இனிமே என்ன வந்துடப்போகுது? கையெழுத்துப் போடு."

போட்டேன்.

போடாமல் இருந்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காப்பிக் கடையில் என் தோளைத் தட்டினார்கள். "கூடப்பொறந்தவனுக்கு எவன்டா டிக்கெட் கிழிப்பான்? நான்னாலும் கிழிக்க மாட்டேன்" என்றார்கள். மனூசோஸ் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவான். அவன் அழுதால் நான் எழுந்து போய்விடுவேன்.

நாற்பதாம் நாள் பூசையில் அர்கிரோ என்னிடம் வந்தாள். கையில் அந்த அறிக்கையின் நகல்.

"எங்கப்பா திருட்டுத்தனமா நுழைஞ்சாரா சித்தப்பா?"

"இல்லம்மா."

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"சரி," என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோதுமைப் பிரசாதத்தை எல்லோருக்கும் கொடுத்தவள் என்னைத் தாண்டிப் போனாள்.

மே முதல் தேதி வாசல் திறந்தேன். முதலில் வந்தவன் என் சித்தப்பா மகன், வழக்கம்போலக் கையை ஆட்டிக்கொண்டு. நான் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். இந்த வருஷம் மஞ்சள் நிறம். காசு வேண்டாம், நான் போட்டுக்கொள்கிறேன், இதை மட்டும் வைத்துக்கொள் என்றேன். அவன் டிக்கெட்டையும் என்னையும் பார்த்தான்.

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு வார்டி," என்றான். திரும்பிப் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த இருவரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு அர்கிரோ வந்தாள். கறுப்புடை. ரோதாந்தியின் கையைப் பிடித்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"மூணு டிக்கெட்."

"ரெண்டு பேருதானேம்மா…"

"மூணு," என்றாள். காசை மேஜைமேல் வைத்தாள். "காசு வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க."

கிழித்துக் கொடுத்தேன். ரோதாந்தி ஒன்றை வாங்கி ஆட்டுப் படத்தைப் பார்த்தாள். "நீலம் இல்லையா?" என்று கேட்டாள். அவள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஐந்தரை மணிக்கு மனூசோஸ் கூப்பிட்டான்.

"சிந்தெக்னே, எனக்குத் தொண்ணூத்தி அஞ்சு."

"எனக்குத் தொண்ணூத்தி ஆறு."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்டா. ஒண்ணு கொறையுது." அவன் குரல் மாறியது. "அர்கிரோவும் பொண்ணும் ரெண்டு குடுத்துட்டு அப்பவே போயிட்டாங்க. வேற எல்லாருமே… யாருடா உள்ள?"

"அர்கிரோ மூணு வாங்கினா," என்றேன்.

குறிப்பேட்டை எடுத்துத் திறந்தேன்.

"விதி தெரியுமில்ல," என்றேன். "நீ கீழேருந்து வா."

"வார்டி."

"வா மனூசோஸ்."

குறிப்பேட்டில் எழுதினேன். கொடுத்தது 96, வந்தது 95. வராதவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் அண்ணன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதினேன். வயது அறுபத்து மூன்று. யார் அனுமதித்தது என்ற இடத்தில் என் பெயர். குறிப்பேட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு இறங்கினேன்.

வெயில் மேலே பாறை உச்சியில் மட்டும் இருந்தது. விதிப்படி ஒவ்வொரு வளைவிலும் நின்று கூப்பிட்டேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். பாலத்துக்குப் புதுப் பலகை போட்டிருந்தார்கள். அது மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதில் காலை வைக்காமல் தாண்டிப் போனேன்.

கோயில் வாசலுக்கு நான் முதலில் வந்தேன். கதவைத் திறந்து பார்த்தேன். மணல் தட்டில் ரெண்டே ரெண்டு மெழுகுவத்தி, அணைந்திருந்தன. மூன்றாவது டிக்கெட் சுவரோரமாக, அண்ணன் சாய்ந்திருந்த இடத்தில், ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து மனூசோஸ் மூச்சு வாங்க ஏறி வந்தான். தொப்பியைக் கழற்றினான். உள்ளே பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"வழியில யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல," என்றேன்.